கௌரவப் பதவியும் கண்காணிப்பும்: சமாதான நீதவான்களின் கதை

கலியாணக் காட்டிலும் ஜனாஸா அறிவித்தலிலும் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துக்கள் நமக்கு நல்ல பழக்கம். 'ஜே.பி.' என்று போட்டிருந்தால் அவர் ஊரில் ஒரு முக்கியஸ்தர் என்று விளங்கிக் கொள்கிறோம். "ஜே.பி. ஹாஜியாரிடம் போய் ஒரு சீல் குத்திக்கிட்டு வாங்க" என்பது நம்மட ஊர்களில் வாரத்துக்கு நாலு தரமாவது கேட்கிற பேச்சு. ஆனால் அந்த எழுத்துக்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை ஒருவருக்குக் கொடுப்பது யார், கொடுத்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது யார் என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்பதில்லை.

சம்பளம் வாங்குகிற உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு வழி உண்டு. சம்பள உயர்ச்சியை நிறுத்தலாம், இடமாற்றலாம், ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். சம்பளமே இல்லாமல் தொண்டாகச் செய்கிற ஒருவரை எதைக் கொண்டு கட்டுப்படுத்துவது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ எண்ணூறு வருடங்களாக விடை தேடப்பட்டு வருகிறது. அந்தத் தேடலின் வரலாற்றைப் பார்த்தால் இன்றைய நம் நிலைமையும் ஓரளவு தெளிவாகும்.

தொடக்கம்

1195இல், முதலாம் ரிச்சர்ட் மன்னரின் ஆட்சியில், ஹியூபர்ட் வோல்டர் என்ற தலைமை அதிகாரி இங்கிலாந்தில் ஒரு கட்டளையைப் பிறப்பித்தார். நாட்டில் சமாதானத்தைக் காப்போம் என்று மக்களிடம் சத்தியம் வாங்க, ஒவ்வொரு பகுதியிலும் வீரப் பட்டம் பெற்றவர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். சமாதான நீதவானின் வேரை வரலாற்றாசிரியர்கள் இங்கேதான் தேடுகிறார்கள். 1327இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் சமாதானத்தைக் காக்க நல்லவர்களை நியமிக்கும்படி சட்டம் வந்தது. 1361ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு விசாரித்துத் தீர்க்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. அதுவரை காவலராக இருந்தவர் அத்தோடு நீதவானானார்.

ஒரு விசயத்தை இங்கே கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் இது முற்றிலும் இலவசத் தொண்டாக இருக்கவில்லை. 1388ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிற அமர்வில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங் உண்டு. காலப்போக்கில் பணத்தின் பெறுமதி குறைந்து அந்த 4 ஷில்லிங் பேருக்கு மட்டும் என்றாகி, பிறகு வழக்கொழிந்தது. பதவி மட்டும் நிலைத்தது. சம்பளமில்லாத வேலைக்கு வசதி உள்ளவன்தான் வருவான். அதைச் சட்டமும் ஏற்றுக் கொண்டது. 1439இல் வருடம் 20 பவுண் வருமானம் தரும் காணி உள்ளவராக இருக்க வேண்டும் என்றார்கள். 1732இல் அது 100 பவுணாக உயர்ந்தது. சொத்துள்ளவன் லஞ்சம் வாங்க மாட்டான் என்பது அவர்களுடைய கணக்கு.

முடியின் கண்காணிப்பு

டியூடர் மன்னர்களின் காலத்தில் சமாதான நீதவானின் தோளில் ஒன்றன் மேல் ஒன்றாக வேலைகள் ஏற்றப்பட்டன. பாதை, பாலம், ஏழைகளின் பராமரிப்பு, கூலி நிர்ணயம், மதுக்கடை அனுமதி என்று மாவட்ட நிர்வாகமே அவர் கையில் வந்தது. இன்று நம் நாட்டில் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் செய்கிற வேலைகளில் பெரும்பகுதியை அன்று சம்பளமில்லாத நிலச்சுவாந்தர்கள் செய்தார்கள் என்று சொன்னால் பொருந்தும்.

அவர்களை லண்டன் எப்படிக் கண்காணித்தது? முதலாவது வழி பெயர்ப் பட்டியல். நீதவான்கள் மன்னரின் விருப்பம் உள்ளவரைக்கும்தான் பதவியில் இருந்தார்கள். புதிய பட்டியல் எழுதும்போது ஒருவருடைய பெயரை விட்டுவிட்டால் போதும். விசாரணையும் இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வழி சுற்றுலா நீதிபதிகள். வருடத்துக்கு இரு தடவை மாவட்டங்களுக்கு வரும் இந்த நீதிபதிகள் அரசாங்கத்தின் அறிவுறுத்தல்களைக் கொண்டு வருவார்கள். திரும்பும்போது யார் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்ற தகவலைக் கொண்டு போவார்கள். மூன்றாவது வழி அறிக்கை. 1631இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரின் அரசாங்கம் 'கட்டளைப் புத்தகம்' ஒன்றை வெளியிட்டது. நீதவான்கள் மாதாமாதம் கூடி, தாங்கள் செய்ததை எழுத்தில் தர வேண்டும். அது படிப்படியாக மேலே போய் அரசவை வரை சேர வேண்டும் என்று அது பணித்தது. பாடக்குறிப்புப் பதிவேட்டை அதிபரிடம் காட்டி ஒப்பம் வாங்குகிற நம் ஆசிரியர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

இந்த மூன்று வழிகளும் நிர்வாகம் தன் தொண்டர்களைப் பார்த்துக் கொண்ட வழிகள். இதற்குப் பக்கத்தில் இன்னொரு கண்காணிப்பும் வளர்ந்தது. நீதவானின் தீர்ப்பில் அதிகார மீறல் இருந்தால், பாதிக்கப்பட்டவர் மன்னரின் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். நேர்மையாகச் செய்த பிழைக்காக நீதவானைத் தண்டிக்க அந்த நீதிமன்றம் விரும்பவில்லை; கெட்ட நோக்கத்தோடு செய்தால் விடவுமில்லை. நிர்வாகம் பார்ப்பது ஒரு வகை, நீதிமன்றம் பார்ப்பது இன்னொரு வகை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொண்டு மேலே போவோம்.

கண்காணிப்பு கட்சியாகும்போது

1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஒரு காரியம் செய்தார். நாட்டிலுள்ள சமாதான நீதவான்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்க உத்தரவிட்டார். நீங்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானால், மத வேறுபாட்டைக் காரணமாக வைத்துப் பதவிகளைத் தடுக்கும் சட்டங்களை நீக்க ஆதரவு தருவீர்களா? அப்படி ஆதரவு தருபவரைத் தெரிவு செய்ய உதவுவீர்களா? எல்லா மதப் பிரிவினரோடும் சினேகமாக வாழ்வீர்களா? இவைதான் கேள்விகள். மூன்றாவதுக்குப் பெரும்பாலானோர் ஆம் என்றார்கள். முதல் இரண்டிலும் நழுவியவர்களும் மறுத்தவர்களும் பெருந்தொகையாகப் பதவி இழந்தார்கள்.

மன்னர் நீக்க நினைத்த சட்டங்கள் நியாயமற்றவை என்று இன்றைக்கு நாம் சொல்லலாம். ஆனால் ஊரில் நீதி பார்ப்பவரிடம் "உன் வாக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டது வேறு கதை. தலைமுறை தலைமுறையாக ஊரை நடத்தி வந்தவர்களை ஒரே அடியாக மன்னர் எதிரிகளாக்கிக் கொண்டார். அடுத்த வருடம், 1688இல், ஆட்சி கவிழ்ந்தபோது அவருக்காக எழுந்து நிற்க மாவட்டங்களில் ஆள் இருக்கவில்லை.

சந்தைக்கு வந்த நீதி

கண்காணிப்பு கட்சியாவது ஒரு ஆபத்து என்றால், கண்காணிப்பே இல்லாமல் போவது அடுத்த ஆபத்து. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரம் வேகமாகப் பெருத்தது. கிராமத்தில் கௌரவத்துக்காக இந்தப் பதவியை ஏற்கப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். லண்டனின் நெரிசலான பகுதிகளில் அந்தத் தொல்லையை ஏற்க அப்படியானவர்கள் முன்வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்தவர்களில் பலர் கட்டணத்தில் வாழ்ந்தார்கள். ஆளைப் பிடிக்கப் பிடியாணை எழுத ஒரு காசு, பிணையில் விட ஒரு காசு. வழக்குக் கூடினால் வருமானம் கூடும். 'வியாபார நீதவான்' என்று மக்களே இவர்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் 1740களின் இறுதியில் போ ஸ்ட்ரீட்டில் இந்தப் பதவிக்கு வந்தவர். சண்டைக்காரர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியதாலும் ஏழைகளிடம் வாங்க மறுத்ததாலும் வருடம் 500 பவுண் என்று பேசப்பட்ட தன் வருமானம் 300 பவுண் அளவுக்கு இறங்கிவிட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். நேர்மையாக இருந்தால் நட்டம் என்ற ஒரு முறையை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும்? 1792இல் பாராளுமன்றம் மிடில்செக்ஸ் நீதவான்கள் சட்டத்தை நிறைவேற்றியது. லண்டனில் ஏழு அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் சம்பளம் வாங்கும் மூன்று நீதவான்கள் என்று ஏற்பாடாகியது. சொத்துத் தகுதி மட்டும் ஆளை நேர்மையாக்காது என்பதை அந்தச் சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி.

மூன்றாவது ஆபத்து, அரசாங்கம் தெரிந்தே கண்ணை மூடுவது. 1819 ஓகஸ்ட் 16ஆம் திகதி மான்செஸ்டர் நகரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுப் பெரும் மக்கள் திரள் கூடியது. பேச்சாளர்களைக் கைதுசெய்ய உத்தரவிட்டவர்கள் அங்கிருந்த நீதவான்கள்தான். குதிரைப்படை கூட்டத்துக்குள் பாய்ந்ததில் பலர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். கணக்குக் கேட்க வேண்டிய உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு நீதவான்களுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் அனுப்பினார்.

இருபதாம் நூற்றாண்டின் திருத்தங்கள்

பெரிய மாற்றங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. 1906இல் சொத்துத் தகுதி நீக்கப்பட்டது. அப்போது எழுந்த பெரிய முறைப்பாடு, நீதவான் இருக்கைகள் ஒரே கட்சிக்காரர்களால் நிறைந்து விட்டன என்பது. அரச ஆணைக்குழு ஒன்று 1910இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி 1911 முதல் மாவட்டம் தோறும் ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. நியமிப்பவர் அமைச்சர் அந்தஸ்திலுள்ள லோர்ட் சான்சலர்தான். ஆனால் பெயர்கள் ஒரு குழுவின் ஆய்வைத் தாண்டி வர வேண்டும். 1919இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஸ்டேலிபிரிட்ஜ் நகர மேயராக இருந்த ஏடா சம்மர்ஸ் அந்த வருடத்தின் கடைசி நாளில் முதல் பெண் நீதவானாகச் சத்தியப் பிரமாணம் செய்தார்.

1924இல் சசெக்ஸ் நீதவான்கள் வழக்கு வந்தது. வீதி விபத்து ஒன்றை விசாரித்த நீதவான்கள் தீர்ப்பை யோசிக்க உள்ளே போனபோது அவர்களுடைய எழுதுவினைஞரும் கூடப் போனார். அந்த எழுதுவினைஞர், அதே விபத்துக்காக நட்டஈடு கேட்ட தரப்பின் சட்டத்தரணி நிறுவனத்தில் பங்காளி. அவர் உள்ளே ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. இருந்தும் தீர்ப்பை அழித்தது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்ற கோட்பாட்டை, உலகம் முழுதும் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கிலிருந்துதான் கற்கிறார்கள். தொண்டர் நீதவான்களின் ஒரு சின்ன வழக்கு தந்த பாடம் அது.

1949ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வழி செய்தது; 1966 முதல் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது. 2003ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டம் ஒருவரைப் பதவி நீக்குவதற்கான காரணங்களை வரையறுத்தது: இயலாமை, தவறான நடத்தை, தேர்ச்சி மட்டத்தை எட்டத் தொடர்ந்து தவறுதல், கடமையைப் புறக்கணித்தல். இன்று அமைச்சர் தனியே ஒருவரை நீக்க முடியாது. பிரதம நீதியரசரின் இணக்கம் வேண்டும். 'மன்னரின் விருப்பம் உள்ளவரை' என்று தொடங்கிய பதவி இங்கே வந்து சேர ஆறு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

சாட்சிகளின் பட்டியல்

இந்தத் தேடல் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆவணங்களுக்கும் வழக்குகளுக்கும் சாட்சி நிற்கும் நம்பகமானவர்கள் 'உதூல்' என்று அழைக்கப்பட்டனர். இன்று நம் ஜே.பி. செய்கிற வேலைக்கு மிக நெருக்கமான வேலை அவர்களுடையதுதான். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் காழியாக இருந்த அல்-முஃபழ்ழல் இப்னு ஃபழாலா, இந்தச் சாட்சிகளின் நடத்தையை ஊருக்குள்ளே விசாரித்து அறிய ஒரு தனி அதிகாரியை நியமித்ததாக எகிப்தின் வரலாற்றாசிரியர் அல்-கிந்தி பதிவு செய்திருக்கிறார். பின்னர் வந்த காழி ஒருவரின் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் திரும்பப் பார்க்கப்பட்டது. ஒருவரை ஒரு தடவை நல்லவர் என்று சொல்லிவிட்டால் ஆயுள் முழுதும் அது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இலங்கையில்

பிரித்தானியர் போன இடமெல்லாம் இந்தப் பதவியும் போனது. இந்தியாவில் 1832ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே மாகாணத் தலைநகரங்களில் உள்நாட்டவர்களுக்கு அது கிடைத்தது. பம்பாய் மாநகர சபையில் 1872 முதல் 64 உறுப்பினர்களில் 16 பேரைச் சமாதான நீதவான்களே தெரிவு செய்தார்கள். அந்த அளவுக்கு அது அதிகாரமுள்ள பதவி. இலங்கையிலும் 'சமாதான நீதவானும் உத்தியோகப்பற்றற்ற நீதவானும்' என்ற இரட்டைப் பட்டம் நீண்ட காலம் வழக்கில் இருந்தது. ஜே.பி.யூ.எம். என்று நம் மூத்தவர்கள் சொல்வது அதைத்தான்.

இன்று நம் சமாதான நீதவான் வழக்கு விசாரிப்பதில்லை. சத்தியக் கடதாசிக்கு முன்னிலையாவதும், பிரதிகளை உண்மையானவை என்று உறுதிப்படுத்துவதும்தான் அவருடைய பிரதான வேலை. 1895ஆம் ஆண்டின் சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பௌத்தருக்கும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்ய இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு சத்தியக் கடதாசியின் தொடக்கத்திலும் நாம் காணும் அந்த நீண்ட வாசகத்தின் பின்னணி இதுதான்.

1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி நியமிக்கும் அதிகாரம் நீதி அமைச்சருக்குரியது. 'தகுதியும் பொருத்தமும் உள்ள ஆள்' என்பதே சட்டம் சொல்லும் அடிப்படை. தகைமை, நடத்தை பற்றி அமைச்சு அண்மைய வருடங்களில் வர்த்தமானி ஒழுங்குவிதிகளையும் வகுத்திருக்கிறது. அது வரவேற்க வேண்டியது. ஆனால் நியமனத்தின் வேர் இன்னும் அமைச்சரின் கையொப்பத்தில்தான் இருக்கிறது. எலெக்சன் முடிந்தால் "நம்மட ஆளுக்கு ஒரு ஜே.பி. எடுத்துக் குடுங்க" என்று அரசியல்வாதியின் வீட்டு வாசலில் கேட்கிற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

இதே நாட்டில் வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறோம். 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இணக்க சபைகள் அமைந்தன. ஊர்ப் பெரியவர்கள் தொண்டாகப் பிணக்குகளைத் தீர்க்கும் நல்ல எண்ணம். நியமனம் அமைச்சரிடம் இருந்தது. கட்சிக்காரர்களின் கூடாரமாகி விட்டது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 1970களின் இறுதியில் அவை ஒழிக்கப்பட்டன. பத்து வருடம் கழித்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தபோது அந்தப் பாடம் மறக்கப்படவில்லை. நியமனமும் மேற்பார்வையும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களில் குறைந்தது மூவர் உயர் நீதிமன்றத்தில் அல்லது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்களாக இருக்க வேண்டும். அரசியல் சார்பற்ற அமைப்புகள் பெயர்களைப் பரிந்துரைக்கும், பயிற்சி உண்டு, பதவிக்காலம் மூன்று வருடம். மத்தியஸ்தரும் சம்பளமில்லாத தொண்டர்தான், ஜே.பி.யும் சம்பளமில்லாத தொண்டர்தான். ஒருவருக்கு ஆணைக்குழுவும் பயிற்சியும் தவணையும், மற்றவருக்கு அமைச்சரின் ஒப்பம்.

நமது முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வரும் காழிமாரை நியமிப்பதும் நீதிச்சேவை ஆணைக்குழுவே. அந்த முறையில் குறைகள் பல உண்டு, அது தனியே பேச வேண்டிய விசயம். இருந்தாலும் நியமனம் அமைச்சரிடம் இல்லை. தீர்ப்பில் அதிருப்தி உள்ளவர் காழிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். ஜே.பி. ஒருவர் பார்க்காமலே ஒப்பம் வைத்தால், அல்லது ஒப்பத்துக்குக் காசு கேட்டால், சாதாரண மனிதர் எங்கே போவது?

என்ன நட்டம்?

'சும்மா ஒரு சீல்தானே' என்று சிலர் நினைக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்த பிள்ளைக்கும், அடையாள அட்டை தொலைந்த முதியவருக்கும், புருசன் மௌத்தான பின் காணிக் காகிதத்தைச் சரிபார்க்கிற பெண்ணுக்கும் அந்தச் சீல் சும்மா இல்லை. அவர்களுடைய உண்மையை அரச அலுவலகத்தின் மேசையில் நிற்க வைக்கிற சாட்சி அது. பார்க்காமல் வைக்கிற ஒப்பம் ஒரு ஏமாற்றுக்காரனுக்குக் கதவைத் திறக்கும். அதற்குப் பிறகு எல்லா ஒப்பங்களையும் அலுவலகங்கள் சந்தேகிக்கும். நேர்மையான ஜே.பி.க்கும் அவரிடம் வருகிற ஏழைக்கும்தான் அதில் முதல் நட்டம்.

வழி இல்லாமல் இல்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2002இல் சமாதான நீதவான்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. நியமனம் ஐந்து வருடத்துக்கு; விரும்பினால் புதுப்பிக்கலாம். ஒவ்வொருவருக்கும் பதிவிலக்கம் உண்டு, ஒப்பத்தோடு அதை எழுத வேண்டும். பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம். சேவைக்குப் பணம் வாங்கக் கூடாது. இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கிற காரியமல்ல. நம் நாட்டில் மத்தியஸ்த சபைகளுக்கு இருப்பது போன்ற ஒரு சுயாதீனக் குழுவையும் இதோடு சேர்த்தால், 1687இன் ஆபத்துக்கும் வியாபார நீதவானின் ஆபத்துக்கும் ஒரே நேரத்தில் அணை போடலாம்.

இன்னொரு வேலை நமக்கே உரியது. நம் ஊர்களில் முதல் சமாதான நீதவான் யார், எந்த ஆண்டு நியமனம், அவர் என்ன தொழில் செய்தார், ஊருக்கு என்ன செய்தார் என்பவை இன்னும் ஒழுங்காக எழுதப்படவில்லை. பழைய நியமனப் பத்திரங்கள் பல வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. சிலது அலுமாரியில் கறையான் தின்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் விசாரித்து எழுதினால், அரசாங்கம் நம் ஊர்களில் யாரைப் பெரிய மனிதராகத் தெரிந்தெடுத்தது, ஊர் யாரைத் தெரிந்தெடுத்திருக்கும் என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒப்படையாகக் கொடுத்தாலே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.